தாம்பாளத்து முன்னூறு

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கப்பிடாது.”

“கோவிச்சுக்கற விஷயம்னா கேக்காதே.”

“மாசம் எவ்வளவு வாங்குதீங்க?”

பகவதி வயலின் பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. கரமனை அக்ரஹாரத்தில் முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. மாதத்தின் முதல் வகுப்பன்று, பிள்ளையைக் கூட்டி வருகிறவர்கள் கூடத்து மேஜையில் இருக்கும் பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு வெற்றிலையை வைத்து, அதன் அடியில் பணத்தைச் செருகிவிட்டுப் போவார்கள். அவர்கள் வாசல் தாண்டுகிறவரை பகவதி அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். ஒருவர் வைத்தது முன்னூறு என்று அடுத்தவர் விசாரித்துத் தெரிந்துகொண்டு, எல்லோரும் முன்னூறே வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக முன்னூறுதான்.

“நான் வாங்கறதில்லை. அவா வைக்கறா.”

“வைக்கது எவ்வளவு?”

“உனக்குத் தெரியாதாக்கும். ஊருக்கே தெரியும்.”

“தெரியும். உங்க வாயால கேக்கணும்னு ஒரு ஆசை.” ஜெஸி சிரித்தாள். “முன்னூறுன்னு சொன்னா நாக்கு வெந்தா போகும்?”

ஜெஸி பாறசாலைக்காரி. சங்கீதக் கல்லூரியில் பகவதிக்குப் பதினைந்து வருஷம் பின்னால் படித்தவள். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தாள். முன்னறை வகுப்புக்கு, பின்னறை அவளுக்கும் மகள் ஜிஷாவுக்கும். கணவன் ராஜையன் பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்து நாலு வருஷம் ஆகிறது. ஜிஷா நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தாள். வாடகை, ஜிஷாவின் படிப்பு, அடுப்பில் வைக்கும் அரிசி எல்லாம் அந்த முன்னறையிலிருந்துதான் வர வேண்டும்.

பகவதிக்கு அந்தக் கவலை இல்லை. வீடு அப்பாவுடையது. அப்பா செக்ரட்டேரியட்டில் இருந்தவர். கல்யாணமாகாத மகள் என்று அவருடைய பென்ஷன் மாதாமாதம் அவள் பேருக்கு வந்துவிடும்.

“செரி, இப்ப உனக்கு என்னாக்கும் வேணும்?”

“நீங்க ஆயிரமாக்கணும்.”

“என்னது?”

“மாசம் எட்டு கிளாஸ், ஆயிரம் ரூபா. நான் வாங்குததும் அதான். கூட ஒண்ணும் சொல்லல்ல.”

“உனக்குப் பைத்தியமாடி? என்ன வேணும்னாலும் கேப்பியா?”

“பழவங்காடில புதுசா ஒரு அகாடமி வந்திருக்குல்லா, அவன் மூவாயிரம் வாங்குதான். நான் போய் வேலை கேட்டேன். டீச்சருக்கு மணிக்கூருக்கு நூத்தம்பதாம். ஏசி உண்டுன்னு சொன்னான்.”

“கொள்ளையாக்கும் அது.”

“அது கொள்ளை. செரி. நீங்க செய்யுதது என்னன்னு கேக்கத்தான் வந்தேன்.”

பகவதிக்கு முகம் சுருங்கியது. “நானா? நான் யார் தலையிலயும் கை வைக்கலையே.”

“எனக்க தலையில வைக்கீங்க. மூணு மாசத்துல அஞ்சு பிள்ளையளு இஞ்ச வந்தாச்சு. ஏன் வந்தினும்? நான் மோசமா சொல்லிக் கொடுக்குதேனா?”

“நீ நன்னாவே சொல்லிக்கொடுக்கறே. வந்ததுகளோட வில் பிடிப்பைப் பாத்தாலே தெரியறதே.”

“பின்ன? அக்ரஹாரத்துல முன்னூறுக்குக் கிடைக்கும்போ, பாலத்துக்கடியில ஆயிரம் குடுக்க யாருக்கு மனசு வரும்? அங்க அகாடமி, இஞ்ச நீங்க. நடுவுல நான் எங்க நிக்கட்டும்?”

“சங்கீதத்துக்கு விலை போட்டு ஒட்டறது எனக்கு வராது ஜெஸி. அப்பா இருந்தா...”

“சங்கீதத்துக்கு யாரு விலை போட்டா? எனக்க ஒரு மணிக்கூருக்குத்தான் விலை. சங்கீதம் சும்மா எடுத்துக்கட்டும்.”

“கஷ்டப்படறவா கொழந்தைகள் எங்க போகும்?”

“கஷ்டப்படுதவங்களா? டெம்போ ஓட்டுத தங்கையனுக்க பிள்ளை எனக்ககிட்ட ரெண்டு வருஷமா சும்மா படிக்குது. அவனுக்கு முடியாதுன்னு தெரியும், நான் கேக்கதில்ல. உங்ககிட்ட வாரது யாரு? அந்த வெள்ளைக் காரு தெருவ அடச்சிட்டு நிக்குதே, அந்தக் கஷ்டப்பட்டவரா?”

பகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெஸியும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

“நீங்க வாங்குதத எண்ணிப் பாக்கதுகூட இல்ல. எண்ணாம இருக்கதுக்கும் ஒரு வசதி வேணும் அக்கா. வீட்டுக்காரர் அடுத்த மாசம் வாடகை கூட்டுவாரு. இன்னும் நாலு பிள்ளையளு போனா நான் முன்னறைய ஒழிக்கணும். முன்னறை போனா வயலின் போச்சு. ஜிஷாவுக்க படிப்பும் போச்சு. அவ்வளவுதான் எனக்க கணக்கு.”

பகவதி வயலின் பெட்டியின் கொக்கியை மாட்டி முடித்தாள். பிறகு, “செரி,” என்றாள்.

“செரின்னா?”

“ஜூன் மொதல் ஆயிரம். ஆனா யாராவது வந்து கேட்டா எனக்குச் சொல்ல வராது, பாத்துக்கோ.”

“சொல்லாண்டாம். அதுக்குத்தானே இது.” ஜெஸி பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். லேமினேட் செய்தது. வயலின் வகுப்பு, மாதம் எட்டு வகுப்புகள், கட்டணம் ஆயிரம் ரூபாய் என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. “சுவத்துல மாட்டிட்டா அது சொல்லிக்கும். நீங்க வாய மூடிட்டு இருந்தா போதும். இன்னா, ஆணியும் கொண்டாந்திருக்கேன்.”

“ஆணியுமா! சுத்தியல்?”

“அதையாவது நீங்க வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“இன்னைக்கு வேண்டாண்டி. செவ்வாய்க்கிழமை. சுவத்துல இரும்பு அடிக்கப்படாது. நாளைக்கு நானே மாட்டிக்கறேன்.”

“மறக்கப்பிடாது.”

“சொல்லிட்டேனே.”

“அப்ப எனக்க பேரன்ட்ஸ் குரூப்ல போட்டுடட்டா? பகவதி டீச்சரும் ஜூன் மொதல் ஆயிரம்னு?”

“போட்டுக்கோ.”

ஜெஸி போனபின் பகவதி அட்டையைக் கையில் வைத்துப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் அப்பா படத்துக்குக் கீழே ஓர் இடம் இருந்தது. அப்பாவுக்குக் கீழே ஆயிரம் ரூபாய் என்று எழுதி மாட்டுவதா? அட்டையைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். புதன்கிழமை வந்தது. ராகு காலம் போகட்டும் என்றிருந்தாள். பிறகு வியாழன் வந்தது.

ஜூன் முதல் வாரத்தில் மழையோடு ஹரிகுமார் வந்தார். பேங்கில் மேனேஜர். அவர் மகள் ஜெஸியிடம் படித்துக்கொண்டிருந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, உட்காராமலே கேட்டார்.

“டீச்சரே, ஒரு காரியம் நேரா கேக்க வந்தேன். பீஸ் எத்ரயா?”

அவர் போனை எடுத்து நீட்டினார். “ஜெஸி டீச்சர் குரூப்ல இட்டிருக்கு, பாருங்க. பகவதி டீச்சரும் ஆயிரம். போன மாசம்வரை இங்கே முன்னூறுதானேன்னு எல்லாருக்கும் சம்சயம். அதான் நேரா வந்தேன்.”

படம் எட்டு அடி தள்ளி இருந்தது. கையை விட்டு அட்டையை எடுத்து நீட்டினால் போதும். ஆமாம் என்று ஒரு தலையசைப்புகூடப் போதும். பகவதியின் பார்வை தாம்பாளத்துக்குப் போய்த் திரும்பியது. முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

“அதுக்கென்ன... உங்க இஷ்டம்போல.”

“அப்போ முன்னூறு தன்னே?”

பகவதி குனிந்து, கீழே கிடந்த, வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியைத் துணியில் சுற்றினாள். அந்த மௌனம் ஹரிகுமாருக்குப் போதுமாக இருந்தது.

“அப்போ ஜெஸி டீச்சர் பொய் பறஞ்ஞதாணு.”

“ஐயோ, அப்படியெல்லாம் சொல்லப்படாது,” பகவதி பதறினாள். ஜெஸிக்காக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “அவ பாவம். புருஷன் போயிட்டான். பொண்ணு படிக்கறது. ரொம்பக் கஷ்டத்திலயாக்கும்.”

“மனசிலாயி டீச்சர்,” என்றார் ஹரிகுமார். உண்மையாகவே வருத்தப்பட்டார். “கஷ்டம் இருந்தா கேட்டிருக்கலாம். சகாயம் செய்வோம். இப்படி டீச்சர் பேரைச் சொல்லி ஏமாத்த வேண்டாமே.”

வெற்றிலை அவர் கொண்டு வரவில்லை. தாம்பாளத்தில் ஏற்கெனவே இருந்த வெற்றிலையைத் தூக்கி, மூன்று நூறு ரூபாய்த் தாளை அடியில் வைத்தார். பகவதி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒன்பது நாள் கழித்து, கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஜெஸி வந்தாள். மழையில் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. உள்ளே வரவில்லை. பகவதி எழுந்து வாசலுக்குப் போனாள்.

“உள்ள வாடி. நனையறியே.”

“இல்ல. கிளாஸ் நடக்குதுல்லா.”

உள்ளேயிருந்து நாலைந்து வயலின்கள் ஒரே தந்தியில், ஒரே நீள வில்லாக இழுபட்டன. மனசுக்குள் பதினாறு எண்ணும்வரை வில் திரும்பாமல் போக வேண்டும். வகுப்பை அப்படி ஆரம்பிப்பது ஜெஸியின் வழக்கம். பகவதி அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை; பிள்ளைகள் தாங்களாகவே செய்தார்கள்.

ஜெஸி வில் முடிகிறவரை காத்திருந்தாள். “எத்தன பேரு?”

“ஆரு?”

“எனக்க பிள்ளையளு.”

“எட்டு,” என்றாள் பகவதி. “கத்துக்கணும்னு வாசல்ல வந்து நிக்கறதுகளை எப்படிப் போன்னு சொல்றது?”

“ஒம்பது. ஒண்ணு நாளைக்கு வரும். குரூப்ல ஹரிகுமார் சார் எழுதினத வாசிச்சீங்களா?”

“எனக்கு அந்த குரூப்பெல்லாம் ஏது.”

“நான் வாசிக்கேன்.” ஜெஸி போனை எடுக்கவில்லை. மனப்பாடமாகவே சொன்னாள். “ஜெஸி டீச்சர் பொய் சொன்னது வருத்தம். ஆனா அவங்க நெலமைய நெனச்சு யாரும் மோசமா பேச வேண்டாம். விருப்பமுள்ளவங்க ஆளுக்கு இருநூறு ரூபா பிரிச்சு ஒரு சகாயம் செய்யலாம்.” நிறுத்தினாள். “பிச்சை அக்கா. பேரு போட்டு லிஸ்டும் எடுத்தாச்சு. பத்து நாளைக்கு முன்ன நான் டீச்சர்.”

“நான் முன்னூறுன்னு சொல்லலை ஜெஸி. சத்தியமா. நான் ஒண்ணுமே சொல்லலை.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்.”

“அவர் கேட்டார், எனக்கு... உன்னை விட்டுக்கொடுக்கப்படாதுன்னுதான் நான் உன் கஷ்டத்தைச் சொன்னேன்.”

“எனக்க கஷ்டத்த நான் வித்தேனா அக்கா? நான் வித்தது எட்டு கிளாஸ்.”

மழை ஓட்டின் விளிம்பிலிருந்து இருவருக்கும் நடுவில் கொட்டியது. பகவதி, “ஒரு நிமிஷம் இரு,” என்று உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஐயாயிரம் எடுத்தாள். வெறுங்கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. தாம்பாளத்தில் வெற்றிலையை விரித்து, அடியில் பணத்தை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

ஜெஸி தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு பகவதியைப் பார்த்தாள்.

“கார்டு எங்க?”

“படத்துக்குப் பின்னால இருக்கு.”

“இப்ப எடுத்து மாட்டுங்க. எனக்கு முன்னால. அவ்வளவு போதும். நான் ஒரு போட்டோ பிடிச்சு குரூப்ல போடுதேன். நான் கள்ளி இல்லன்னு ஆவும். மிச்சம் பிள்ளையளாவது நிக்கும்.”

“இப்பவா? உள்ள கொழந்தைகள் இருக்கு. ஹரிகுமார் சார் பொண்ணும் இருக்கு. போன வாரம் முன்னூறு வாங்கிண்டு, இந்த வாரம் ஆயிரம்னு மாட்டினா என்னை என்ன நினைப்பா?”

ஜெஸி தலையை ஆட்டினாள். கோபத்தில் ஆட்டியது மாதிரி இல்லை. ஒரு கணக்கு முடிந்த மாதிரி இருந்தது. தாம்பாளத்தைத் தொடாமல் படியிறங்கினாள். தெரு முனையில் ஒரு வெள்ளைக் கார் பாதையை அடைத்து நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவே உடம்பைத் திருப்பி நுழைந்து போனாள்.

நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு பகவதி பழவங்காடிக்குப் போனாள். கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ரவிக்கைத் துண்டு வேண்டும். பெரிய கடை, மூன்று மாடி. முதல் மாடியில் துணி கிழிக்கும் மேஜைக்குப் பின்னால், கடையில் வேலை செய்கிற பெண்களுக்குக் கொடுக்கிற மெரூன் புடவையில், நெஞ்சில் பேர் குத்திக்கொண்டு ஜெஸி நின்றிருந்தாள்.

பகவதி திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் ஜெஸி பார்த்துவிட்டாள்.

“வாங்க அக்கா. என்ன பாக்கணும்?”

“நீ எப்ப இங்க...”

“ஜூலைல வந்தேன். வீட்ட ஒழிச்சாச்சு. இப்ப நேமத்துல ஒரு ரூம்ல இருக்கோம். ரவிக்கைத் துண்டா? எத்தன?”

“இருபத்தஞ்சு. வயலின்?”

“கட்டிலுக்கடியில இருக்கு. பத்து மணிக்கூரு நின்னிட்டுப் போனா கை தூக்க முடியாது.” துணிக்கட்டை எடுத்து மேஜையில் உருட்டினாள். அவள் இடது கை விரல் நுனிகளில் தந்தி பதிந்து பதிந்து இருபது வருஷமாக இருந்த காய்ப்பு உரிந்து, தோல் வழவழவென்று இருந்தது. “எண்பது சென்டிமீட்டர் போதுமா, முழு மீட்டரா?”

“எண்பது போரும்.” பகவதியால் அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தாள். “ஜெஸி, கார்டை மாட்டியாச்சு கேட்டியா. ஆயிரம்னு.”

கத்திரி நின்றது.

“எப்ப?”

“ஆகஸ்ட்டுல. ஹரிகுமார் சார் விளக்கு பல்பு மாத்தறேன்னு ஏறினப்போ படத்துக்குப் பின்னாடி கிடந்ததைப் பாத்துட்டார். இத்தனை கொழந்தைகளுக்கு முன்னூறு ரொம்பக் கம்மி டீச்சரேன்னு சொல்லி அவரே ஆணியடிச்சு மாட்டிட்டார்.”

“எத்தன பேரு நின்னினும்? எத்தன பேரு போனினும்?”

பகவதி இதை எதிர்பார்க்கவில்லை. “ஆரும் போகலை.”

“ஆயிரத்துக்கா?”

“போறதுக்கு வேற எடமில்லையேடி. அகாடமி மூவாயிரம்.” சொன்னபிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஜெஸி துணியைக் கிழித்தாள். நேராக, சத்தத்தோடு கிழிந்தது. மடித்தாள். அடுத்ததை அளந்தாள். ஏழெட்டுத் துண்டு ஆனபிறகு கேட்டாள்.

“தங்கையனுக்க பிள்ளைய உங்ககிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். வந்தானா?”

“வந்தான்.”

“சேந்துதா?”

“வாசல்ல நின்னு கார்டைப் படிச்சான். பொண்ணு கையைப் பிடிச்சிண்டு கொஞ்ச நேரம் நின்னான். பின்னே போயிட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பகவதி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு சூப்பர்வைசர், “ஜெஸி, அவிடே ஆள் நில்க்குன்னு,” என்று கத்தினான்.

“இன்னா வாறேன் சார்.” இருபத்தைந்து துண்டுகளையும் அடுக்கி, சீட்டில் எழுதினாள். “ஒண்ணு தொண்ணூறு ரூபா. ஃபிக்ஸட் ரேட்டு. இதக் கொண்டு கீழ பில்லிங்ல கொடுங்க. ஜிஷா நிக்கா.”

“ஜிஷாவா? அவ காலேஜ்...”

“கீழ நிக்கா,” என்றாள் ஜெஸி மறுபடியும். அடுத்த ஆளிடம் போனாள்.

பில்லிங் வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். பகவதி எட்டாவதாக நின்றாள். ஜிஷா அதே மெரூன் நிறத்தில் சட்டை போட்டிருந்தாள். சின்ன வயதில் அம்மாவோடு கொலுவுக்கு வந்து சுண்டலை மட்டும் கேட்டு வாங்கித் தின்ற பெண். பகவதியின் முறை வந்தது. சீட்டை வாங்கி, துண்டுகளை எண்ணி, மிஷினில் தட்டினாள். தெரிந்துகொண்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“ரெண்டாயிரத்தி இருநூத்தம்பது.”

பகவதி கொடுத்தாள். ஜிஷா விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து, பெட்டியில் போட்டாள்.

“பை வேணுமா ஆன்ட்டி? அதுக்கு எட்டு ரூபா தனி.”